முதற்கட்டத்தில் ஒன்றுமில்லை

1

இந்தக் கதையை நான் திருடினேன். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியையின் மடியில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. ஒரு பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்க, பயிற்சி வகுப்பில் கொடுக்கும் அட்டவணை. மூன்று கட்டங்கள்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது. பதினொரு நாள் நிரப்பியிருந்தது. எல்லா நாளும் நடுக்கட்டத்தில் "கதிரையைத் தள்ளி விழுத்தினாள்." மூன்றாவதில் "வெளியே அனுப்பினேன்." முதலாவதில் "ஒன்றுமில்லை." இறங்கிய பிறகும் அந்த ஒன்றுமில்லை என்னை விடவில்லை.

2

ஆசிரியைக்கு இன்ஷிரா என்று பெயர் வைத்தேன். பிள்ளை அப்ரா, மூன்றாந் தரம். முதலில் இப்படித் தொடங்கினேன்: கடல் அன்று பாதித் தூக்கத்தில்

(வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் என்ன வேலை?)

மாத முடிவுக்குள் கதிரை விழுவது நிற்காவிட்டால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வதாக அதிபர் தீர்மானித்துவிட்டார். அப்ராவின் உம்மா றுக்கியா வகுப்பு வாசலுக்கு வந்தாள்.

"இங்கயிருந்து எடுத்தா இவள் பேந்து எந்தப் பள்ளிக்கும் போகமாட்டாள் டீச்சர்."

"அவளப் போக விட எனக்கும் ஏலாது. கொஞ்சம் பொறுங்க."

சொல்லிவிட்டு இன்ஷிரா கொப்பியைத் திறந்து பதினொரு நாளையும் மறுபடி வாசித்தாள்.

3

பன்னிரண்டாம் நாள் கதிரை விழவில்லை. அன்று இன்ஷிரா புத்தக அலுமாரிச் சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். வாசிப்புப் பாடம் நடக்கவில்லை. அவ்வளவுதான். அலுமாரி கிறீச்சிட்டால் வாசிப்பு. அப்ராவுக்கு எழுத்துகள் பிடிபடவில்லை. கதிரை விழுந்தால் விறாந்தை, விறாந்தையில் நின்றால் கடல், கடலில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு கப்பல். தண்டனை என்று நினைத்து இன்ஷிரா நாள்தோறும் பரிசு கொடுத்துவந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. பதினொரு "ஒன்றுமில்லை"யையும் வெட்டிவிட்டு, "நான் அலுமாரியைத் திறந்தேன்" என்று எழுதினாள்.

(கடலுக்கு வேலை இருந்திருக்கிறது. வெட்டிய வரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.)

4

ஓர் அட்டையில் தோணி வரைந்து அப்ராவிடம் கொடுத்தாள்.

"ஏலாட்டி இத மேசையில வைங்க மகள். கதிரையத் தள்ளத் தேவல்ல. கொஞ்சம் வெளிய நிண்டுட்டு வாங்க."

முதல் நாள் அலுமாரி திறக்குமுன்பே தோணி மேசைக்கு வந்துவிட்டது. அப்ரா கடலைப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்தாள். இடைவேளைகளில் இன்ஷிரா இரண்டிரண்டு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். நாலாம் நாள் அப்ரா ஒரு சொல்லை வாசித்த பிறகே அட்டையை வைத்தாள். அடுத்த கிழமை ஒரு வரி.

மாதத்தின் கடைசி நாள். அதிபர் வாசலில் நின்றார். அலுமாரி கிறீச்சிட்டது. அப்ரா எழுந்து, புத்தகத்தை விரித்து, வாயைத்

5

இந்த இடத்தில் ஆறு தடவை வெட்டிவிட்டேன். ஒன்றில் மடமடவென்று வாசித்தாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒன்றில் கதிரை விழுந்தது, மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பேனையை வைத்துவிட்டுச் சன்னலால் துறைமுகத்தைப் பார்க்கப் போய்விடுகிறேன். எனக்கும் அட்டவணை போடலாம். முன்னால்: அவள் வாசிக்கவேண்டும். நான் செய்வது: வெட்டுவது. பின்னால்: கடல்.

ஏழாம் தடவை அப்ரா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தோணி அட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

"பயமெண்டா நீங்க வெளிய நிண்டுட்டு வாங்க," என்றாள். "நான் வாசிக்கிறன்."

வாங்கிக்கொண்டேன். இப்போது விறாந்தையில் நிற்கிறேன். வெயிலில் குடா முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. கப்பல் அதே இடத்தில் நிற்கிறது, அல்லது நகர்கிறது. காற்றில் உள்ளே நடப்பது எனக்குக் கேட்கவில்லை.

நீங்கள் இன்னும் வகுப்புக்குள் இருக்கிறீர்கள். அவள் வாசித்து முடிக்கும்வரை எழும்பாதீர்கள்.