வாத்தியம் இல்லாத சங்கீதம்

என் தங்கையின் வீட்டுக்காரருக்கு ஒரு பைத்தியம். பைபிளில் வரும் சங்கீதங்களை யாரோ ஆங்கிலத்தில் செய்யுளாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு மெட்டமைத்து, நாலு குரலாகப் பிரித்து, ஆர்கன்கூட இல்லாமல் வெறும் வாயால் எங்களைப் பாட வைப்பார். குழுவில் ஒரு டஜன் பேர். மேல்குரலுக்குத் தங்கைதான் தலைமை. அதற்கு அடுத்த குரல் நான்.

வாத்தியம் இல்லாவிட்டால் யாரையாவது பிடித்துக்கொண்டுதான் பாட வேண்டும். நாங்கள் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டோம்.

அந்த வருடம் எடுத்தது, இன்னும் எத்தனை காலம் என்று கடவுளிடம் மன்றாடும் சங்கீதம். பாடி முடித்ததும் மாப்பிள்ளை சுருதிக்குழலை ஊதிப் பார்ப்பார். தொடங்கிய சுருதியில் நாங்கள் இருக்க மாட்டோம், கீழே இறங்கியிருப்போம். பழியெல்லாம் அடிக்குரல்காரர்கள் தலையில் விழும்.

"தூங்கிட்டு அப்படியே எழுந்து வர்றீங்களாய்யா? தூக்கிப் பிடிங்க."

கடைசியில் அலுத்துப்போய் மெட்டையே ஒரு படி இறக்கி எழுதினார். அப்புறமும் இறங்கினோம். எல்லோரும் ஒன்றாக இறங்கியதால் காதில் எதுவும் உறுத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது, எழவு.

"தொண்டை கட்டியிருக்குக்கா," என்பாள் தங்கை. வெந்நீர் குடிப்பாள். விழுங்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"குரல் மாறினது தெரிஞ்சிருக்குமே. பாடுறவங்க வீட்ல யாருமா கவனிக்கல?" என்றார் டாக்டர். குரல்வளையில் புற்றுநோய். முன்பே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாமாம். இனி குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும்.

மாப்பிள்ளை வராந்தாவில் இடிந்துபோய் உட்கார்ந்தார். "அக்கா, இறங்கினது அவ. நாம எல்லாரும் கூடவே போயிருக்கோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு அறை விட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. அவளிடம் இதை இருவரும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன் அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவை பாடிடுறேன். கூட வாக்கா."

முதல் வரியிலேயே அவள் குரல் நழுவியது. இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சுருதியில் நின்றுவிட்டால், தான் பிசகுவது அவளுக்கே தெரிந்துவிடும். அவளோடு சேர்ந்து நானும் இறங்கினேன். மாப்பிள்ளையும் அடிக்குரலில் சேர்ந்துகொண்டு இறங்கினார்.

பாடி முடித்து மூச்சு வாங்கினாள்.

"சுருதி நின்னுச்சாக்கா?"

"நின்னுச்சுடி," என்றேன்.