நீலவ்வாவின் பேர்

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதில் சுமங்கலா அங்கடியை மிஞ்சத் தார்வாடில் ஆள் கிடையாது. நூலகத்தின் ஒலி ஒளிப் பிரிவில் விவரக்குறிப்பு எழுதுவது அவள்தான். ஒவ்வொரு ஒலிநாடாவுக்கும் தலைப்பு என்ன, பாடியது யார், எந்த ஊர், எத்தனை நிமிடம் என்று கணினியில் ஏற்றுவாள். பெட்டியில் பூஞ்சை பிடித்திருந்தால் எந்த மூலையில் என்பதைக்கூட விடமாட்டாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

அன்று மூன்று மணிக்குக் கழிவு ஏற்றும் வண்டி வருவதாக ஏற்பாடு. கழிக்க வேண்டிய பட்டியலில் நாற்பத்து மூன்று சுருள் நாடாக்கள். ஏதோ ஒரு வானொலி நிலையம் இடத்தைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனவை. பெட்டிமேல் எண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் சுமங்கலா ஒவ்வொன்றையும் மாட்டி, ஒரு நிமிடம் கேட்டு எழுதியிருந்தாள்: ‘பாடியவர்: தெரியவில்லை. மொழி: தெரியவில்லை. ஒலி: சிதைந்துவிட்டது.’ அதற்குக் கீழே, ‘நுனியில் சிவப்புத் துண்டு ஒட்டப்பட்டுள்ளது.’ நாற்பத்து மூன்றிலும் அதே வரி. ஏன் சிவப்பு என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையே!

இரண்டு மணிக்கு, கிர்மிட் பொரி தின்ற கையைத் துடைத்துக்கொண்டே ஈரண்ணா வந்தான். பிரிவில் இருக்கும் கருவிகள் எல்லாம் அவன் பொறுப்பு.

“அக்கா, எனக்குக் காலிச் சுருள் ஒண்ணு வேணும். இதுல ஒண்ணோட நாடாவை உருவிப் போட்டுட்டு எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கோ. குப்பைதானே.”

“குப்பைன்னு நீங்க எழுதுனீங்க. உருவுறதுக்கு முன்னாடி உங்க பேய் பாஷையை ஒரு வாட்டி கேட்டுடறேன்.”

நாடாவை மாட்டி ஓடவிட்டான். பெண் குரல்தான், ஆனால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“கன்னடம் தெரியும், மராத்தி தெரியும், உருதுல திட்டு வாங்கியிருக்கேன். இது எந்த ஊரு மொழிக்கா?” என்று அவன் சிரித்தான். சுமங்கலாவும் சிரிக்கப்போனாள். அப்போதுதான் பாட்டுக்கு நடுவே ஒரு மணியோசை கேட்டது. சன்னமாகத் தொடங்கி, வளர்ந்து வளர்ந்து, டங் என்று அறைந்து நின்றது.

“ஈரண்ணா, கோயில்ல மணி அடிச்சா சத்தம் எப்படிப் போகும்?”

“டங்குனு அடிச்சு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஓயும்.”

“இது ஓய்ஞ்ச இடத்துல ஆரம்பிச்சு டங்குனு முடியுதே!”

அவன் வாயைப் பிளந்தான். “அட சிவனே! வாலைப் பிடிச்சு ஓட்டிட்டு இருக்கோம்க்கா. ரேடியோக்காரங்க போட்டு முடிச்சதும் திருப்பிச் சுத்தாம அப்படியே வச்சிருக்காங்க. இது கடைசி நுனின்னு சொல்லத்தான் சிவப்பு!”

முழுவதையும் மறு சுருளுக்குச் சுற்றினான். மறு நுனியில், தொடக்கத்துக்கு அடையாளமாக, பச்சைத் துண்டு ஒட்டியிருந்தது. சுருள்களை இடம் மாற்றிப் போட்டதும் ஓர் ஆணின் குரல் தெளிவாகக் கேட்டது.

“பேரு சொல்லும்மா.”

“நீலவ்வா. ஊரு ஹிரேகொப்பா. இதைச் சரியா எழுதிக்குங்க சாமி. போன வருஷம் என் பாட்டைப் போட்டுட்டு, கிராமத்துப் பொம்பளை ஒருத்தி பாடுறான்னு ரேடியோவுல சொன்னாங்களாம். ஏன், எனக்குப் பேரு இல்லையா?”

“எழுதிடறோம்மா, கண்டிப்பா.”

பிறகு அவள் பாடினாள். காளைக்கு மணி கட்டும் பாட்டு. நல்ல கணீர்க் குரல். சுமங்கலா கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் பாட்டு மனதில் ஏறவில்லை. கணினித் திரையில் ‘பாடியவர்: தெரியவில்லை’ என்று அவளே எழுதிய வரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. மணி இரண்டே முக்கால்.

பிரிவின் தலைவி ஹொசமனி மேடத்தின் அறைக்குள் சுமங்கலா கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

“மேடம், அந்த நாப்பத்து மூணு நாடாவும் கெடலை. நான்தான் தப்பா எழுதிட்டேன். தலைகீழா ஓட்டிக் கேட்டிருக்கேன்.”

“மூணு வருஷம் கழிச்சு, வண்டி வர்ற நேரத்துல வந்து சொல்றியா?” மேடம் பட்டியலைப் புரட்டினாள். “சிவப்பு ஒட்டியிருக்குன்னு நீயே நாப்பத்து மூணு தடவை எழுதி வச்சிருக்கியேம்மா!”

“எழுதினேன் மேடம். யோசிக்கலை.”

“உன் வேலையை நிரந்தரமாக்குற கோப்பு இந்த மேசையிலதான் இருக்கு. இதை அதுல எழுதாம விட முடியாது. தெரியுமில்ல?”

ஆறு வருடமாகச் சுமங்கலா அந்தக் கோப்புக்காகத்தான் காத்திருந்தாள்.

“எழுதுங்க மேடம். வண்டியை மட்டும் நிறுத்துங்க.”

மேடம் பேனாவைத் திறந்து பட்டியலின் குறுக்கே கோடு போட்டாள்.

“தப்பை எழுதுவேன். நீயே வந்து சொன்னதையும் எழுதுவேன். வண்டிக்காரனை நான் பார்த்துக்கறேன். நீ போய் மீதியைத் திருப்பிச் சுத்து.”

சுமங்கலா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ‘தெரியவில்லை’ என்பதை அழித்துவிட்டு, ‘நீலவ்வா, ஹிரேகொப்பா’ என்று அடித்தாள். கடைசிக் கட்டத்தில், ‘முன்பு சிதைந்தது எனத் தவறாகக் குறிக்கப்பட்டது. குறித்தவர்: சுமங்கலா அங்கடி’ என்று சேர்த்தாள்.

“உங்க பேரையுமா போடுறீங்க?” என்றான் ஈரண்ணா.

“ஏன், எனக்குப் பேரு இல்லையா?”

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த நாடாவைத் திருப்பிச் சுற்றினான். பச்சை நுனி வந்ததும் சுருள்களை மாற்றிப் போட்டு ஓடவிட்டான். “பேரு சொல்லுங்க,” என்றது அதே ஆண் குரல். சுமங்கலா விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.