ஆத்தப்பனின் இடது ஆள்காட்டி விரல்

1

இந்தக் கதையை எழுத வேண்டியவர் ஆத்தப்பன். அவருக்கு எழுத்து தெரியாது. எனக்கும் நாற்பதுக்கு மேல் வந்த எழுத்துதான். முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், திருப்பூர் என்ற பெயரில் தொகுதி வந்து நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில், இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்து மூன்றாவதாக ஒரு கட்சி…’

போதும். இது பேப்பர்க்காரர்கள் எழுத வேண்டியது.

2

ஆத்தப்பனுக்கு வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை. மூன்றாவது கட்சி வேட்பாளர் ஒருநாள் அவருடைய லைன் வீட்டுக்கு வந்தார். குடத்துத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, “இதையாங்க குடிக்கறீங்க?” என்று கேட்டார். ஓட்டுக் கேட்டு வந்த யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. அந்தத் தண்ணீரைக் கெடுத்ததில் தன் கையும் உண்டு என்பது ஆத்தப்பனுக்குத் தெரியும். [இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இருக்கட்டும்.] இந்த ஓட்டையாவது தண்ணீருக்குப் போட நினைத்தார்.

3

தேர்தலன்று லீவு விட வேண்டும் என்பது சட்டம். முதலாளி லிங்கசாமி வெளியே கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே துணிக்குக் கறுப்புச் சாயம் ஓட்டினார். ஷிப்ட், கூட வேலை செய்யும் சின்னானுடையது. அந்த மூன்றாவது கட்சிக்காகக் கத்தித் தொண்டை கட்டியிருந்தான்.

“நீ போயி நாலு பேர பூத்துக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு. உன்ற வேலைய நான் பாத்துக்கறேன்” என்றார் ஆத்தப்பன்.

மூன்று மணிக்கு டீக்குப் போகிற சாக்கில் பின்வாசல் வழியாக வந்து வரிசையில் நின்றார். பின்னால் சின்னான்.

“விரலைக் காட்டுங்க” என்றார் ஆபீசர். நகமெல்லாம் கறுப்பு. “போட்ட மையை மறைக்கச் சாயத்துல முக்கிட்டு வந்தீங்களா?”

“இல்லீங்க சார். வேலை செஞ்ச சாயமுங்க.”

“இன்னிக்கு எல்லாக் கம்பெனியும் லீவு. எங்க வேலை செஞ்சீங்க?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். “பெரியவருக்கு ஒரு ஓட்டு பத்தாதாட்ட இருக்குது.”

பெரிய கட்சி ஒன்றின் ஏஜென்டாக உள்ளே உட்கார்ந்திருந்தவர் பட்டறை மேனேஜர் மகுடேஸ்வரன். [‘எங்கள் பட்டறை’ என்று எழுதி அடித்தேன்.] சாயம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

கம்பெனி ஓடுகிறது என்று சொன்னால் வேலை போகும். ஆத்தப்பன் திரும்பிச் சின்னானைப் பார்த்தார். சின்னான் தன் சுத்தமான விரலைப் பார்த்தான்.

4

முடிவு ஒன்று: சின்னான், “கம்பெனி ஓடுதுங்க சார்” என்கிறான். எழுதிப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: ஆத்தப்பன் பட்டறைக்கு ஓடிப் பிளீச்சிங் பவுடரில் கையைத் தேய்த்துவிட்டு, ஐந்து மணிக்குச் சற்று முன்னால் வந்தார். விரல் வெளுத்து வெந்திருந்தது. ஆபீசர் முகர்ந்து பார்த்து, “மையை அழிச்சிருக்கீங்க” என்றார்.

சின்னான் நான்தான். நான் ஓட்டுப் போட்டுவிட்டேன். கட்சி தோற்றது. தண்ணீர் அப்படியே இருக்கிறது. மறுநாள் ஆத்தப்பன், “நீயாச்சும் போட்டீல்ல கண்ணு” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

5

மூன்றாம் பகுதியை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. அங்கே அவர் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் விலகிக்கொள்கிறேன். அவருக்குப் பின்னால் நீங்கள் நில்லுங்கள். மேனேஜர் உள்ளேதான் இருக்கிறார். நாளைக்கும் ஷிப்ட் உண்டு.

சொல்லுங்கள்.