சவரிநாதனை மண் வாங்காத கதை

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ஒரே ஒரு சொல் செய்த வேலையைச் சொல்றேன்.

1953-ஆம் வருசம் ஆவூரில் சவரிநாதனின் சவப்பெட்டி குழிக்குள் இறங்க மறுத்தது. கயிற்றைத் தளர்த்தினார்கள், பெட்டி குழிக்கு மேலே இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். நாலு பேர் ஏறி உட்கார்ந்து அழுத்தினார்கள். அவர்களையும் சேர்த்துத் தாங்கியது. மழை வரும்போல் இருக்கவே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் அமலராணி. சவரிநாதன் கண்மாய் மடை கட்டும் வேலையில் மண் சரிந்து செத்தவர். காண்ட்ராக்டரோ, அப்படி ஓர் ஆள் தன்னிடம் வேலை பார்க்கவே இல்லை என்றார். அடக்கத்தன்று காலை வந்த இங்கிலீஷ் பேப்பரில் அஞ்சு வரிச் செய்தி: வேலையில் ஒருவர் செத்ததாக ‘அலெஜ்டு’. அதாவது, அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், நிசமா என்று எங்களுக்குத் தெரியாது. அமலராணி 1948-லிருந்து பள்ளிக்கூடத்தில் கிடந்த பேப்பரையெல்லாம் விரித்துப் பார்த்தாள். திருட்டுக் கேசில் பிடிபட்டவனுக்கு அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். அது நியாயம், கோர்ட்டு முடிவு சொல்லணுமே. ஆனால் கீரமங்கலத்தில் கிணறு வற்றியதும் அலெஜ்டு. மணமேல்குடியில் படகு திரும்பாததும் அலெஜ்டு. அரிமளத்தில் கூலிக்காரி அடி வாங்கியதும் அலெஜ்டு. ஆபீசரும் காண்ட்ராக்டரும் வாய் திறந்தால் மட்டும் ‘சொன்னார்’ என்று இருந்தது. செத்தாரா இல்லையா என்று பேப்பரே உறுதி சொல்லாத ஆளை மண் எப்படி வாங்கும் என்றாள் அமலராணி.

சவரிநாதனின் மனைவி ஜெபமாலையம்மாள் பேப்பரை மடியில் செருகிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். செய்தி எழுதிய நிருபர் சந்தனத்தின் வாசலில் போய் நின்றாள்.

“ஏன்யா, மண்ணைத் தோண்டி அவரை எடுத்ததே நான்தான். என் நகத்துல இன்னும் மண்ணு இருக்கு. இதுல சொல்லிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“பேப்பர் வழக்கம்மா அது. நாளைக்கு எவனும் கேசு போட்டுறக் கூடாதுல்ல.”

“காண்ட்ராக்டர் பேச்சுக்கு அந்த வழக்கம் இல்லையாக்கும்?”

காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டார் சந்தனம்.

எட்டு வருசம் போனது. மழைக்கு ஆடுகள் பெட்டிக்கடியில் ஒதுங்கின. 1961-ல் அதே காண்ட்ராக்டருக்குப் பெரிய கண்மாய் வேலை கிடைத்தது. அந்தப் பெட்டியைப் பார்த்த சனம் ஒன்றுகூட அவரிடம் வேலைக்கு வரவில்லை. காண்ட்ராக்டர் சந்தனத்தைக் கூட்டிக்கொண்டு ஆவூருக்குக் காரில் வந்தார். சவரிநாதன் குளிக்கப் போன இடத்தில் செத்ததாக ஜெபமாலையம்மாள் கையெழுத்துப் போட்டால் போதும். பேப்பரில் அந்தச் சொல் இல்லாமல் ‘செத்தார்’ என்றே வரும், பெட்டியும் இறங்கிவிடும் என்றார்.

கொழுந்தன் பங்கிராஸ் கெஞ்சினான்: “போட்டுருங்க மதினி. அண்ணன் மண்ணுக்குப் போகட்டும்.”

எட்டு வருசமாக அவள் மண்டியிட்டு வேண்டியதும் அதைத்தான். பெட்டி மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டுக் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள்.

“வேலையில செத்த மனுசனைக் குளிக்கப் போய்ச் செத்தாருன்னு சொன்னாத்தான் மண்ணு வாங்குமுன்னா, அந்த மண்ணு எங்களுக்கு வேணாம். அவரு நிக்கட்டும். ஒங்க காரை அங்கிட்டுத் திருப்புங்க.”

பெட்டி ஆள் உயரத்துக்கு ஏறியது. மறுநாள் பேப்பரில் ஒன்றும் வரவில்லை. கண்மாய் வேலை வேறு ஆளுக்குப் போனது. அந்த வருசக் கல்லறைத் திருநாளில் ஜெபமாலையம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி மெழுகுவத்தி வைத்தாள். அடுத்த வருசத்துக்குப் பங்கிராஸ் ஒரு ஏணி செய்து கொடுத்தான். சும்மா கிடந்த குழியை மூடிக் கனகாம்பரம் போட்டார்கள். நன்றாகப் பூத்தது.

கேட்ட கண்ணுகளா, ஒங்க வீட்டுல வேலைக்குப் போறவங்க எல்லாரும் பொழுதுசாயக் கைகால் சுகமாக வீடு வந்து சேரட்டும்.