வெள்ளிக்கிழமை மழை

றக்வானப் பக்கத்துத் தோட்டமொன்றில், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லாமல் மூன்று வெள்ளிக்கிழமைகளாகப் பேய்மழை பெய்தது. துஷ்யந்தி டீச்சரின் மழைமானி அப்படித்தான் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் சைரனையும் அலறவிட்டது.

டீச்சருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் மண்சரிவு பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் அவள். ஆராய்ச்சிக் கருவியைப் பத்தாம் தரப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் நட்டிருந்தாள். புனலில் விழும் மழை உள்ளேயிருக்கும் சின்னக் கிண்ணத்தை நிரப்பும். நிரம்பினால் கிண்ணம் கவிழும். அடிக்கடி கவிழ்ந்தால் கீழே லயத்தில் சைரன் ஊதும். விசையின் திரும்பல் விளைவு என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுகிற வகுப்பு, அந்தக் கிண்ணத்தைக் கண்டதும் மணியடித்த பிறகும் எழும்ப மறுத்தது.

இப்போது சைரன் கேட்டால் லயத்தில் ஒருவரும் அசைவதில்லை. "டீச்சரோட மெசினு கத்துது" என்று சொல்லிவிட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே மலை இறங்கும் நாளிலும் இப்படியே ரொட்டி தட்டுவார்களோ என்று அவள் பயந்தாள்.

நாலாம் வெள்ளி விடிந்ததும் மலையேறிப் போய்த் தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தினாள். அட்டை காலில் ஏறியது. கன்னையா மலையில் ஏறி வந்தார். பெக்டரியில் ரோலர் மெசினோடு வேலை செய்கிற மனிதர். முனியாண்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். பிறகு மழைமானிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதன் புனலுக்குள்ளும் ஒரு சொம்பு, பயபக்தியோடு.

கீழே சைரன் அலறியது.

"கன்னையாண்ணே! என்னா செய்றீங்க?"

"பூச தான் டீச்சர்," என்றார், ஒளிக்கிற முகமே இல்லாமல். "பெக்டரி மெசினுக்குப் போடுறோம், கொழுந்து லொறிக்குப் போடுறோம். இது நம்ம புள்ளகுட்டிய காவல் காக்குது. இதுக்குப் போடாம வுடலாமா?"

"நீங்க ஊத்துற ஒரு சொம்பு அதுக்குப் பேய்மழைண்ணே. அதான் கத்துது."

"அனே டீச்சர்! நான் சந்தோசத்துல கத்துதுன்னுல்ல நெனச்சேன்."

அன்று வகுப்பில் பாடம் அதுதான்: மழையையும் சொம்பையும் எப்படிப் பிரித்தறிவது? ஆய்வுகூடத்தில் யாரும் கருவிக்கு அபிஷேகம் செய்வதில்லை. அவள் வாசித்த கட்டுரை எதிலும் இதற்கு விடை இல்லை. பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். மழை மலை முழுக்கப் பெய்யும், சொம்பு ஓரிடத்தில்தான் ஊற்றும். எனவே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இரண்டாவது மழைமானி ஒன்றை நட்டார்கள். இரண்டும் ஒத்துச் சொன்னால்தான் சைரன். பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையும் ஆராய்ச்சியில் சேர்க்கச் சொன்னார்.

ஐப்பசி மழை ஒரு பின்னேரம் வெளுத்து வாங்கியது. சைரன் ஊதியது. பூசைக் கதை தெரிந்த லயம் வழக்கம்போல ரொட்டி தட்டியது. கன்னையாதான் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஓடினார். "இது பூச இல்ல! நான் இங்கதான நிக்கிறேன், பாருங்க! சொம்பு ஊட்டுல இருக்கு!" அதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? எல்லோரும் பாடசாலைக்கு ஓடினார்கள். இருட்டுவதற்குள் மலை இறங்கிவந்து பின்பக்கக் குசினிகளில், அடுப்புகள் மேல் குந்திக்கொண்டது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மண்ணை அள்ளி, இனி இருக்கலாம் என்று அதிகாரிகள் சொல்லி, சனம் லயத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை. வெயில் பளீரென்று அடித்தது. சைரன் ஊதியது.

டீச்சர் பதறியடித்து லயத்துக்கு ஓடினாள். கதவெல்லாம் சாத்திக் கிடந்தன. ரொட்டி கருகிய மணம் மட்டும் வந்தது. அங்கிருந்து பாடசாலைக்கு ஓடினால், முற்றத்தில் அத்தனை பேரும் நின்றார்கள், பிள்ளையும் பையுமாக. மேகமே இல்லாத வானத்தை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இரண்டு பேரைத்தான் காணோம். சற்றுக் கழித்துக் கன்னையா வெறும் சொம்போடு மலையிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் அவர் மனைவி கிருஷ்ணகுமாரி இன்னொரு வெறும் சொம்போடு வந்தாள்.

"உசிரக் காப்பாத்துச்சே டீச்சர். ஒண்ணுக்கு ஊத்திட்டு மத்தத வுட்டா மனசு கேக்குமா? ஆளுக்கொண்ணா, ஒரே நேரத்துல ஊத்தினோம்."

ஏச வாயெடுத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். கொளுத்துகிற வெயிலிலும் எழும்பி வந்துவிட்டார்கள். இதை எந்த ஆய்வுகூடத்திலும் அவள் சோதித்துப் பார்த்திருக்க முடியாது.

"மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழம இப்புடியே ஊத்துங்கண்ணே," என்றாள். "ஆனா எந்த வெள்ளிக்கிழமன்னு யாருக்கும் சொல்லாதீங்க. எனக்குங்கூட."