வெர்னாவின் அலுமினிய வண்டி

வெர்னா டாலஃப்சன் அந்த டிரெய்லரை என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அதற்குள் கோழிகள் இருந்தன. காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராகப் போய், ராத்திரி உள்ளேயே படுத்துக்கொள்கிற வண்டி அது. ஐம்பதுகளில் செய்தது. வெளியே முழுக்க அலுமினியத் தகடு. யாரோ ஒருவருடைய ஆட்டுப் புல்வெளியில் வருஷக்கணக்காகக் கிடந்து, ஜன்னல் ஓரமெல்லாம் பாசி பிடித்திருந்தது.

"கடை போடப் போறேன், ஆர்லோ. ஊர் ஊரா ஓட்டிக்கிட்டுப் போற கடை."

"என்ன விக்கப் போற?"

"பிரா."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

பில்லிங்ஸ் நகரத்தில் ஒரு பெரிய துணிக்கடையில் பெண்களுக்கு அளவெடுத்து உள்ளாடை விற்கிற வேலையில் வெகுகாலம் இருந்தவள் வெர்னா. கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பண்ணைப் பெண்கள் அவள் வீட்டுக்கு ஃபோன் செய்துகொண்டே இருந்தார்கள். கிழக்கு மொன்டானாவில் எங்கள் பக்கத்திலிருந்து நல்ல துணிக்கடைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும்.

உள்பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். சட்டமெல்லாம் மக்கிப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"இத இரும்புக் கடைக்குப் போட்டுரு வெர்னா. தேறாது."

"தோலு நல்லாத்தானே இருக்கு? எலும்ப மாத்திக்கலாம்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எலும்பு மாற்றினோம். தகட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடையாளம் எழுதிச் சுவரில் சாய்த்தோம். புது மரச்சட்டம் நான் அடித்தேன். அச்சும் பிரேக்கும் புதிதாகப் போட்டேன். தகட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற ரிவெட் ஆணிகளை அடிக்க அவளே கற்றுக்கொண்டாள். முதல் வரிசை குடிகாரன் நடந்த மாதிரி வளைந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தாள். கூரை மடிப்பில் ஒழுகியபோது வண்டிக்குள் படுத்துக்கொண்டு என்னை வெளியே குழாயால் தண்ணீர் அடிக்கச் சொன்னாள். முகத்தில் சொட்டு விழுந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

படியில் கைப்பிடி ஒரு பக்கம் வைத்தேன். ரெண்டு பக்கமும் வேண்டும் என்றாள்.

"எதுக்கு? என்ன, கப்பலா இது?"

"புற்றுநோய் வந்து மார்ப எடுத்தவங்களுக்கு அந்தப் பக்கத்துக் கையச் சரியாத் தூக்க வராது. சிலருக்கு இடது, சிலருக்கு வலது."

அவள் யாருக்காகக் கடை போடுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆபரேஷன் ஆன பெண்களுக்கு, எடுத்த இடத்தில் வைக்கிற சிலிக்கான் மார்பும் அதற்கேற்ற உள்ளாடையும் அளவு பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவள் இந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். பின்பக்க அறையில் கண்ணாடியை மாட்டி, அதற்கும் ஒரு திரை தைத்தாள். "எப்பப் பாக்கணும்கிறத அவங்கதான் முடிவு பண்ணணும்," என்றாள்.

வசந்தத்தில் தீவனக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். வெயிலில் அது வெள்ளித் தாம்பாளம் மாதிரி மின்னியது. ஒருத்தரும் ஏறவில்லை. பெண்கள் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆண்கள் மட்டும் வாய் ஓயவில்லை.

"வெர்னா, எங்க மாட்டுக்கு அளவெடுப்பீங்களா? நாலு காம்பு அதுக்கு."

"கூட்டிட்டு வா. உன்னவிட அது அடக்கமா நிக்கும்."

பதில் சொல்ல அவளுக்குச் சளைப்பில்லை. ஆனால் சாயங்காலம் ஒரு பெட்டிகூடப் பிரிக்காமல் திரும்பினாள். அடுத்த ஊர்களிலும் அதே கதைதான்.

அந்த வாரம் ஆர்டிஸ் குவாமே என்ற பண்ணைக்காரி, கோட்டைக் கழுத்துவரை மூடிக்கொண்டு, ஒரு கேட் கீலைப் பற்றவைக்க வேண்டும் என்று பட்டறைக்கு வந்தாள். கீலில் ஒரு கோளாறும் இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அந்த வண்டி இங்கயா நிக்குது?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊர் நடுவுல அதுல ஏறி இறங்குனா எல்லார் கண்ணும் என் நெஞ்சுமேலதான் இருக்கும், ஆர்லோ. என்னால முடியாது."

வெர்னாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் வண்டிக்குள் போனார்கள். நான் வெல்டிங் மெஷினைப் போட்டுச் சத்தம் உண்டாக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது ஆர்டிஸ் கோட்டின் பொத்தானைத் திறந்துவிட்டு நடந்தாள். நல்ல குளிர் நாள் அது.

"கீலுக்கு எவ்வளவு?" என்றாள்.

"கீலு நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் வெர்னா முன்பக்க அலமாரிகளைக் காலி செய்தாள். தோல் கையுறை, கம்பளிக் காலுறை, வேலைக்குப் போடுகிற கெட்டிச் சட்டை எல்லாம் அடுக்கினாள். வண்டியின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிரா' என்ற சொல்லை அழித்துவிட்டுக் 'கையுறை, காலுறை' என்று எழுதினாள். பின் அறைக்குத் தடித்த கதவு போடச் சொன்னாள். இனி யார் எதற்கு ஏறுகிறார்கள் என்று எவனுக்கும் தெரியாது. ஆண்கள் நிஜமாகவே கையுறைக்கு வந்தார்கள். அவர்கள் மனைவிமார் கூடவே வந்து, கொஞ்சம் தாமதித்து இறங்கினார்கள். "கையுறை வாங்கப் போறேன்" என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குள் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

போன மாதம் வடக்குச் சாலையில் டயர் வெடித்துவிட்டதென்று வெர்னா ஃபோன் செய்தாள். ஜாக்கியைக் காரில் எடுத்துப் போட்டுக்கொண்டு வேகமாகப் போனேன். போய்ச் சேர்வதற்குள் அவளைத் தேடி வந்த பண்ணைப் பெண்கள் சக்கரத்தையே மாற்றி முடித்திருந்தார்கள். கை முழுக்கக் கரியோடு பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எனக்கும் ஒரு கோப்பை நீட்டினாள்.

சக்கரத்தைச் சரிபார்க்கலாமென்று குனிந்தேன். உள்ளேயிருந்து வெர்னாவின் குரல் வந்தது.

"யாரு, ஆர்லோவா? வண்டிய ஆட்டாத. உள்ள ஆளு இருக்கு. அந்தப் பக்கமாப் போய் நில்லு."

நான் சாலைக்கு மறுபுறம் போய், கோதுமை வயலைப் பார்த்தபடி காற்றில் நின்று காப்பியைக் குடித்தேன்.