அம்பயர் எடுத்த முடிவு

லீக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'விரல்காரர்'. அம்பயராக நின்று அவர் விரலை உயர்த்திவிட்டால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் முறைத்தாலும் மறுபேச்சு கிடையாது. அறுபது தாண்டியும் நாள் முழுக்க வெயிலில் அசையாமல் நிற்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தக் கர்வத்துக்குத்தான் சோதனை வந்தது. சில மாதங்களாகச் சிறுநீரை அடக்க முடியவில்லை. ஓடிப்போய் நின்றாலோ சொட்டுச் சொட்டாக வந்து உயிரை வாங்கியது. ஒரு ஆட்டத்தில் ஓவருக்கு நடுவிலேயே கழிவறைக்கு ஓடினார். "அம்பயரே ரன் அவுட்" என்று எவனோ சொல்ல, மைதானமே சிரித்தது. அதிலிருந்து ஆட்ட நாட்களில் தண்ணீரே குடிக்காமல் போக ஆரம்பித்தார். கடைசியில் ஸ்டம்புக்குப் பின்னாலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தை மனைவியிடம் மறைக்க முடியவில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரி என்றாள் அவள்.

"அங்க பின்பக்கமா விரலை விட்டுப் பாப்பாங்களாம். உன் தம்பி சொன்னான்."

"ஊரே உங்க விரலுக்குப் பயப்படுது. நீங்க டாக்டர் விரலுக்குப் பயப்படுறீங்களா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர், அவர் மகள் வயதுப் பெண். பரிசோதனைகள் முடிந்ததும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்: "சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கிற புரோஸ்டேட் சுரப்பி பெருசாகிப் பாதையை அடைக்குது. வயசானா நிறைய பேருக்கு வர்றதுதான். புற்றுநோய்னு சந்தேகப்படுற மாதிரி எதுவும் தெரியல. மாத்திரையில ஆரம்பிக்கலாம். ஒரு மாத்திரை அடைப்பைத் தளர்த்தும், சீக்கிரமே பலன் தெரியும். ஆனா சிலருக்கு எழுந்திரிக்கும்போது தலை சுத்தும். இன்னொண்ணு சுரப்பியையே சுருக்கும், அதுக்கு மாசக்கணக்காகும். இல்லன்னா ஆபரேஷன். வெளியில தையலே இருக்காது, சிறுநீர்ப்பாதை வழியா போய் அடைக்கிற சதையை மட்டும் எடுத்துடுவோம்."

ஆபரேஷன் என்றதும் அவருக்கு மச்சினன் சொன்னது ஞாபகம் வந்தது. 'அதோட எல்லாம் முடிஞ்சுது மச்சான்' என்று காதைக் கடித்திருந்தான். அதைக் கேட்காமல் மேஜைமேல் இருந்த பரிசோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "டாக்டர், ஆபரேஷன் பண்ணா நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கிறதுல குறை வருமா? இன்னும் அப்படித்தான் இருக்கோம், அதான் கேக்கறேன்."

பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் அத்தனை இயல்பாகக் கேட்டாள். அவருக்கு முதலில் காது மடல் சுட்டது. அடுத்த நொடியே நெஞ்சு நிமிர்ந்தது. இவள் என் மனைவி என்று வெளியே காத்திருந்தவர்களிடமெல்லாம் சொல்லவேண்டும் போலிருந்தது.

"நல்ல கேள்விம்மா. விந்து வெளியில வராம சிறுநீர்ப்பைக்குள்ள போயிடலாம். அதனால உடம்புக்குக் கெடுதல் இல்ல. மத்தபடி பெரும்பாலானவங்களுக்குப் பெரிய மாற்றம் இருக்காது. சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். மாத்திரையிலயும் அந்த வாய்ப்பு உண்டு."

அதன்பிறகு அவருக்கும் வாய் திறந்தது. "வெயில்ல நிக்கிற வேலை எனக்கு. தலை சுத்துற மாத்திரை சரிப்படுமா?"

"போட்டுப் பாருங்க. ஒத்துக்கலன்னா அடுத்ததைப் பேசலாம். தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க."

மாத்திரை போட்டார். சிறுநீர் கொஞ்சம் இளகி வந்தது உண்மைதான். ஆனால் கிரீஸ் கோட்டைக் குனிந்து பார்த்து நிமிரும்போதெல்லாம் மைதானம் ஆடியது. சுருக்கும் மாத்திரைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க அவருக்கு மனமில்லை. மச்சினன் மறுபடி வந்து பயமுறுத்திப் பார்த்தான். மனைவியோ, "உடம்பு உங்களோடது. எதுன்னாலும் நான் கூட இருக்கேன்" என்றதோடு சரி. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுத் தானே போன் செய்தார்.

ஆபரேஷன் முடிந்து, சிறுநீர் வடிய வைத்த குழாயோடு படுத்திருந்தது எரிச்சலும் அவஸ்தையும்தான். குழாயை எடுத்தபிறகு கழிவறைக்குப் போய்விட்டு, வெற்றிக் கோப்பை வாங்கியவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

உடம்பு தேறி மைதானத்துக்குப் போன அன்று, அம்பயர்கள் அறையில் எல்லோரும் விசாரித்தார்கள். முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். அவர் பூசி மெழுகவில்லை. "புரோஸ்டேட் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இப்ப நல்லா இருக்கேன்."

அறையில் பேச்சு உடனே டாஸுக்குத் தாவியது. ஆனால் வெளியே வந்தபோது, அவர் வயதுள்ள ஸ்கோரர் பின்னாலேயே வந்தார்.

"அந்த டாக்டர் நம்பர் கிடைக்குமா?"

"தர்றேன். போகும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. நமக்குக் கேக்க வாய் வராத கேள்வியை அவங்க கேப்பாங்க. எங்க வீட்ல கேட்டாங்க" என்றார், தலையை நிமிர்த்தி.